ரோல்சஸ்-1: சாஞ்சு நின்ன லேண்டர்ல ஒரு ரேடியோ டெலஸ்கோப் – நிகழ்வு ஆய்வு

நிலாவோட மறுபக்கத்துல லோ ஃப்ரீக்வென்சி ரேடியோ டெலஸ்கோப் கட்டறதைப் பத்தி படிக்கறப்ப பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஆண்டெனா, பள்ளத்துல விரிச்ச வலை, ரோவர் இழுத்துட்டுப் போற கேபிள்னு பெரிய திட்டங்களைப் பத்திதான் பேச்சு இருக்கும். அதுக்கெல்லாம் முன்னாடி படியா 2024 பிப்ரவரியில ரோல்சஸ்-1ன்னு ஒரு சின்னக் கருவி நிலாவுக்குப் போச்சு. அது இறங்கினது மறுபக்கத்துல இல்ல, பூமியைப் பார்க்கற பக்கத்துல, தென் துருவத்துக்குக் கிட்ட. ஆனா மறுபக்கத்துல கட்டணும்னு நினைக்கற யாரும் படிக்க வேண்டிய நிகழ்வு இது, ஏன்னா அந்தக் கருவிக்கு வந்த பிரச்சினை கிட்டத்தட்ட எல்லாமே வேற யாரோ ஓட்டற வண்டியில பயணியா போனதால வந்தது. மறுபக்கத்துக்குப் போற முதல் சில டெலஸ்கோப்புகளும் அப்படித்தான் போகப்போகுது.

இதுல வர்ற ஆட்களோட பேர் எதையும் சொல்லல. வெளிப்படையா அறிவிச்ச தகவலையும், 2025ல வந்த அவங்களோட ஆய்வுக் கட்டுரையையும் வச்சு எழுதறேன். காரணம் என்னன்னு நானா ஊகிக்கற இடத்துல அப்படின்னு சொல்லிடறேன்.

பின்னணி: ஏன் நிலா, ஏன் லோ ஃப்ரீக்வென்சி

ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது 21 செ.மீ. அலைநீளத்துல ரேடியோ அலை விடும், உறிஞ்சும். பெருவெடிப்புக்கு அப்புறம் முதல் நட்சத்திரம் பிறக்கறதுக்கு முன்னாடி இருந்த இருண்ட காலத்துல பிரபஞ்சம் பூரா இருந்தது பெரும்பாலும் இந்த ஹைட்ரஜன்தான். அங்கிருந்து கிளம்பின அலை பிரபஞ்சம் விரிய விரிய நீண்டு நீண்டு நம்மகிட்ட வந்து சேர்றப்ப சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். உதாரணமா சிவப்புப் பெயர்ச்சி (அலை எவ்வளவு நீண்டிருக்குங்கற அளவு) 80ங்கற காலத்துல இருந்து வர்றது சுமார் 17.5 மெகாஹெர்ட்ஸ்ல கிடைக்கணும், அலைநீளம் 17 மீட்டர். அந்தக் காலத்தைப் பார்க்க வேற வழி கிடையாது, அப்ப நட்சத்திரமும் இல்ல கேலக்ஸியும் இல்ல.

சிக்கல் என்னன்னா இந்த அதிர்வெண் எல்லாம் பூமியில ஷார்ட்வேவ் ரேடியோ ஓடற இடம், அதுக்கு மேல அயனி மண்டலம், அதாவது காத்து மண்டலத்தோட உயரத்துல இருக்கற மின்னேற்றப் படலம் வேற குறுக்க நிக்குது, சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ வானத்துல இருந்து வர்றதைத் தரைக்கே விடறதில்ல. சரி மேல போயிடலாம்னு பார்த்தா பூமியைச் சுத்தற இடத்துலயும் பூமியோட சத்தம் விடறதில்ல. 1968ல அனுப்பின ஆர்ஏஇ-1 செயற்கைக்கோள்ல இது தெளிவாத் தெரிஞ்சுது, அதனாலதான் 1973ல ஆர்ஏஇ-2வை நிலாவைச் சுத்த அனுப்பினாங்க. அது நிலாவுக்குப் பின்னாடி போறப்ப எல்லாம் பூமியோட சத்தம் சட்டுனு விழுந்ததைப் பதிவு பண்ணுச்சு. 3,474 கி.மீ. குறுக்களவுள்ள ஒரு பாறை நடுவுல நிக்கறப்ப அப்படித்தான் ஆகும். மறுபக்கம்தான் சரியான இடம்ங்கறதுக்கு 50 வருஷமா இருக்கற நேரடி ஆதாரம் இதுதான்.

இருண்ட காலத்து சிக்னலோட அளவையும் சொல்லிடறேன், பின்னால இது வேணும். நம்ம கேலக்ஸி இந்த அதிர்வெண்கள்ல பல்லாயிரம் கெல்வின் (ரேடியோ பிரகாசத்தை வெப்பநிலை அலகுலதான் சொல்லுவாங்க) அளவுக்குப் பிரகாசமா இருக்கும், தேடற சிக்னல் ஒரு கெல்வின்ல நூத்துல சில பங்குதான். கிட்டத்தட்ட பத்து லட்சத்துல ஒண்ணு. இதுக்கு நடுவுல ஒரு பவர் கன்வர்ட்டர் போடற இரைச்சல்கூட சிக்னல் மாதிரி வேஷம் போட்டுடும்.

கருவியும் அதோட வேலையும்

2019 பிப்ரவரியில நாசா தன்னோட சொந்த மையங்கள்ல இருந்து 12 கருவிகளைத் தேர்ந்தெடுத்துச்சு, தனியார் லேண்டர்கள்ல ஏத்தி நிலாவுக்கு அனுப்பறதுக்காக. அதுல ஒண்ணு ரோல்சஸ், காடர்ட் மையத்துல உருவானது. முதல் வேலையா அதுக்குக் கொடுத்தது பிரபஞ்சவியல் இல்ல. நிலாத் தரையில சூரிய ஒளி படறப்ப மண்ணுல இருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி தரைக்கு மேல ஒரு மெல்லிய படலமா நிக்கும், அந்தப் படலம் எவ்வளவு அடர்த்தின்னு தெரிஞ்சா பின்னால அங்க வைக்கப்போற டெலஸ்கோப்பை அது எவ்வளவு பாதிக்கும்னு கணக்குப் போடலாம். அதுகூட சூரிய ரேடியோ வெடிப்பு, பூமியோட சத்தம், லேண்டரோட சொந்த சத்தம் எல்லாம் நிலாத் தரையில எப்படிக் கேக்குதுன்னு பார்க்கறது.

நாலு ஆண்டெனா, ஒவ்வொண்ணும் சுமார் 2.5 மீட்டர் நீளம். ஸ்டேசர்னு சொல்லுவாங்க, அளவெடுக்கற இரும்பு டேப்பைச் சுருட்டி டப்பாவுக்குள்ள அடைச்ச மாதிரி உலோகப் பட்டையைச் சுருட்டி வச்சிருப்பாங்க, பூட்டைத் திறந்தா தன்னோட ஸ்பிரிங் விசையிலயே குழாயா நீண்டு வெளிய வரும், மோட்டார் தேவையில்ல. ரெண்டு ஆண்டெனா தரையில இருந்து சுமார் 1 மீட்டர் உயரத்துல, ரெண்டு சுமார் 3 மீட்டர் உயரத்துல. ரெண்டு உயரத்துல அளந்தாதான் எலக்ட்ரான் படலம் உயரத்தோட எப்படி மாறுதுன்னு தெரியும். ரிசீவர் 10 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ரெண்டு பட்டையா பிரிச்சுக் கேக்கும்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். "ரெண்டு உயரம்"ங்கற இந்த மொத்த யோசனையும் லேண்டர் நேரா நிக்கும்ங்கறதை நம்பித்தான் இருக்கு.

புறப்படறதுக்கு முன்னாடி எடுத்த முடிவுகள்

ரோல்சஸை ஏத்திட்டுப் போனது ஒடிஸியஸ்ங்கற லேண்டர், இன்டியூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தோடது, சுமார் 4.3 மீட்டர் உயரம். நாசாவோட கருவி ஆறு, அதுபோக மத்தவங்களோட சரக்கும் உண்டு. டெலிவரி ஒப்பந்தம் போட்டது 2019 மே மாசம், அப்ப இறங்கற இடம்னு சொன்னது ஓஷியானஸ் புரோசெல்லாரம் சமவெளி. நடுவுல இடம் மாறுச்சு, கடைசியா 2023ல தென் துருவத்துக்குக் கிட்ட மாலபெர்ட் ஏ பள்ளத்துப் பக்கம்னு முடிவாச்சு. காரணம் நியாயமானது. பின்னால மனுஷங்க இறங்கப்போறது துருவப் பகுதியில, அங்க நிலப்பரப்பும் தொடர்பும் எப்படி இருக்குன்னு முன்கூட்டியே தெரியணும்.

ஆனா ரேடியோ கருவிக்கு இந்த மாற்றம் சின்னது இல்ல. 80 டிகிரி தென் அட்சத்துல சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிக்கும், ஒளி சாய்வா படும், அதனால அளக்கப்போற எலக்ட்ரான் படலமே சமவெளியில இருக்கறது மாதிரி இருக்காது. பூமியும் வானத்துல தாழ்வா நிக்கும். தரை கரடுமுரடு, சரிவு அதிகம். இந்த மாதிரி ஒப்பந்தத்துல ஆறு கருவியில ஒரு கருவிக்காக இறங்கற இடத்தை யாரும் நிர்ணயிக்க மாட்டாங்க, அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது. குறைஞ்ச செலவுல அடிக்கடி போகலாம்ங்கற ஏற்பாட்டோட விலை இது. ஆனா விலை என்னன்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

பயணத்துல பார்த்தது

2024 பிப்ரவரி 15, கென்னடி விண்வெளி மையத்துல இருந்து ஃபால்கன் 9 ராக்கெட்ல கிளம்புச்சு. பயணத்துலயே ரோல்சஸோட ஒரு ஆண்டெனா எதிர்பார்த்ததைவிட சூடாகி தன்னோட உறையில இருந்து வெளிய வந்துடுச்சு. தரையிறங்கின அப்புறம் கமாண்ட் கொடுத்து விரிக்க வேண்டியது, பாதி வழியிலயே வெளிய. இந்த மாதிரி ஆண்டெனாவுல இது திரும்ப முடியாத விஷயம், ஒரு தடவை வெளிய வந்தா உள்ள சுருட்டி அடைக்க ஆள் கிடையாது.

இந்த இடத்துல குழு எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆண்டெனா வெளிய வந்தது கெட்டதுதான், ஆனா வெளிய வந்த ஆண்டெனா ஒரு ஆண்டெனா. அது பூமியைக் கேக்கற மாதிரி இருந்துச்சு. பிப்ரவரி 21ஆம் தேதி சுமார் ஒன்றரை மணி நேரம் கருவியை ஓட விட்டு பூமியில இருந்து வர்ற ரேடியோ அலைகளைப் பதிவு பண்ணாங்க. திட்டத்துல பூமியைப் பத்தின இந்த அளவீடு இந்தக் கட்டத்துல இருந்ததே இல்ல. ஆனா தரையிறங்கினதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு யாருக்கும் உறுதி கிடையாது, கையில வேலை செய்யற ரிசீவர் இருக்கு, வெளிய நீட்டின ஆண்டெனா இருக்கு, அப்ப கிடைக்கறதை எடுத்துக்கறதுதான் சரி. அவங்க மனசுல இதுதான் ஓடியிருக்கும்னு நினைக்கறேன், பின்னால நடந்ததைப் பார்க்கறப்ப அந்த முடிவு எவ்வளவு சரின்னு புரியுது.

பதிவுல ஷார்ட்வேவ் ஒலிபரப்புகள் தெளிவா வந்துச்சு. மனுஷன் செஞ்ச சிக்னல், தொழில்நுட்பத் தடயம். வேற ஒரு கிரகத்துல யாராவது ரேடியோ வச்சிருந்தா வெளிய இருந்து பார்க்கறப்ப எப்படித் தெரியும்ங்கறதுக்கு பூமியையே மாதிரியா வச்சு எடுத்த அளவீடு. 1990 டிசம்பர்ல கலிலியோ விண்கலம் வியாழனுக்குப் போற வழியில பூமியை ஒட்டிப் போனப்ப இதே கேள்வியை வச்சு பூமியைப் பார்த்திருக்காங்க, குறுகிய பட்டையில ரேடியோ அலை வர்றதை அப்பவே கண்டுபிடிச்சாங்க. அதுக்கு அப்புறம் நிலாவுக்குப் போற வழியில இது.

தரையிறக்கம்

நிலாச் சுற்றுப்பாதைக்கு வந்த அப்புறம்தான் அடுத்தது தெரிஞ்சுது. உயரம் அளக்கற லேசர் கருவி வேலை செய்யல. கண்ணுக்குப் பாதுகாப்புக்காக வச்சிருந்த சுவிட்ச் ஒண்ணை ஏவறதுக்கு முன்னாடி தரையிலேயே கையால மாத்தியிருக்கணும், மாத்தல. சாஃப்ட்வேர்ல சரி பண்ற விஷயமும் இல்ல.

தரையிறங்க சில மணி நேரம்தான் இருக்கறப்ப கட்டுப்பாட்டு அறையில எடுத்த முடிவு: நாசாவோட இன்னொரு சோதனைக் கருவி, லேசரால தூரமும் வேகமும் அளக்கற டாப்ளர் லைடார், அதே லேண்டர்ல சரக்கா இருக்கு, அதையே உயரம் அளக்கப் பயன்படுத்தலாம். ஒரு சுத்து கூடுதலா சுத்த விட்டு அந்த நேரத்துல புது சாஃப்ட்வேரை அனுப்பினாங்க. லைடார் வேலை செஞ்சுது, ஆனா அந்த டேட்டாவை ஏத்துக்கலாம்னு சொல்ற ஒரு குறியீடு அவசரத்துல விட்டுப்போனதால லேண்டரோட கம்ப்யூட்டர் அதைப் பயன்படுத்தல. ஒடிஸியஸ் கேமராவையும் தன் உள் சென்சார்களையும் மட்டும் வச்சு, உயரமானி இல்லாமலே இறங்குச்சு.

பிப்ரவரி 22. குறி வச்ச இடத்துல இருந்து ஒன்றரை கி.மீ.க்குள்ள இறங்குச்சு, 1972 டிசம்பர்ல அப்போலோ 17 இறங்கினதுக்கு அப்புறம் அமெரிக்க விண்கலம் ஒண்ணு நிலாவுல மெதுவா இறங்கறது அதான் முதல் தடவை. ஆனா எதிர்பார்த்ததைவிட வேகமா, பக்கவாட்டிலயும் நகர்ந்துக்கிட்டே, சுமார் 12 டிகிரி சரிவுல. கால் ஒண்ணு உடஞ்சு லேண்டர் மெல்ல சாஞ்சு சுமார் 30 டிகிரி கோணத்துல நின்னுச்சு. முதல்ல நேரா நிக்குதுன்னு அறிவிச்சாங்க, அடுத்த நாள்தான் சாஞ்சிருக்குன்னு தெளிவாச்சு.

சாஞ்ச நிலையில எடுத்த முடிவுகள்

நிலைமை இதான். சோலார் பேனல்ல கரண்ட் வருது. பூமிக்கு டேட்டா அனுப்பற ஆண்டெனாக்கள்ல சிலது தரையைப் பார்த்துட்டு நிக்குது, அதனால டேட்டா வேகம் ரொம்பக் கம்மி. சூரியன் இறங்க சில நாள்தான் இருக்கு, இரவு வந்தா லேண்டர் தாங்காது, இது முதல்லயே தெரிஞ்சது. கருவி ஒண்ணு இல்ல, வரிசையில நிறைய இருக்கு. எல்லாரும் அந்தச் சின்ன வாய்க்கால் வழியாத்தான் தங்களோட டேட்டாவை எடுக்கணும்.

தரைப்பக்கம் செஞ்ச முக்கியமான வேலை, பெரிய டிஷ்களைக் கேக்க வச்சது. ஆஸ்திரேலியாவுல இருக்கற பார்க்ஸ் 64 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப் லேண்டரோட மெல்லிய சிக்னலைப் பிடிச்சு டேட்டா எடுக்க உதவுச்சு. சாஞ்ச லேண்டர்ல இருந்த ரேடியோ டெலஸ்கோப்போட டேட்டா பூமிக்கு வர்ற வழியில இன்னொரு ரேடியோ டெலஸ்கோப் நின்னுச்சு.

ரோல்சஸுக்கு இதுல கிடைச்ச பங்கு ரொம்பச் சின்னது. பயணத்துல ஒரு நாள்ல கொஞ்ச நேரம், தரையில ரெண்டு நாள்ல கொஞ்ச கொஞ்ச நேரம், அவ்வளவுதான் மொத்தப் பதிவு. நாலு ஆண்டெனாவும் பதிவு பண்ணுச்சு, ஆனா விரிஞ்சு நின்ன விதம் வரைபடத்துல இருந்த விதம் இல்ல. தரைக்கு 1 மீட்டர், 3 மீட்டர்ங்கற கணக்கு லேண்டர் சாஞ்ச அன்னிக்கே போச்சு. பிப்ரவரி 29ஆம் தேதி லேண்டர் அடங்குச்சு, அதுக்கு அப்புறம் எழுந்திருக்கல.

குறைஞ்ச நேரம்தான்னு தெரிஞ்சப்ப எதைக் கேக்கறதுன்னு தேர்வு பண்றது கஷ்டமான விஷயம். நான் அந்த இடத்துல இருந்தாலும் கருவியை ஓட விட்டு முழுப் பட்டையையும் பதிவு பண்ணி அப்படியே கீழ அனுப்பத்தான் பார்த்திருப்பேன், இரைச்சல் உட்பட. அங்கேயே வடிகட்டி "நல்ல" டேட்டாவை மட்டும் அனுப்பற கருவியா இருந்தா, சாஞ்ச நிலையில எது நல்லதுன்னு முடிவு பண்ண அதுக்குத் தெரியாது. பூமிக்கு வந்து சேர்ந்ததுல இரைச்சலும் இருந்ததாலதான் பின்னால இரைச்சலைப் புரிஞ்சுக்கிட்டு கழிக்க முடிஞ்சுது.

டேட்டாவுல இருந்து கிடைச்சது

அப்புறம் ஒரு வருஷத்துக்குக் கிட்ட டேட்டாவோட மல்லுக்கட்டு. ரெண்டு விஷயம் வெளிய வந்துச்சு.

முதலாவது, நாலு ஆண்டெனாவுலயும் பூமியோட ஷார்ட்வேவ் இருந்துச்சு. நிலாவோட இந்தப் பக்கத்துல இருந்து லோ ஃப்ரீக்வென்சி வானியல் பண்றது எவ்வளவு கஷ்டம்னு இனி யாரும் கணக்குப் போட்டு நிரூபிக்கத் தேவையில்ல, தரையில வச்சு அளந்தாச்சு.

ரெண்டாவது, லேண்டர் இரைச்சலையும் பூமியோட குறுக்கீட்டையும் கழிச்சப்ப, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ நம்ம கேலக்ஸியில இருந்து எல்லாத் திசையிலயும் வர்ற பின்னணி ரேடியோ அலை அடியில தெரிஞ்சுது. நிலாத் தரையில வச்ச ஒரு சின்னக் கருவி, தப்பா விரிஞ்ச ஆண்டெனா, சாஞ்ச லேண்டர், இத்தனையையும் தாண்டி வானம் கேட்டுச்சு. இதை ஒரு பெரிய சாதனையாத்தான் நான் பார்க்கறேன். அதே சமயம் அளவை மறந்துடக்கூடாது. கேலக்ஸியோட சிக்னல் அங்க பலமானது, அதையே பிடிக்க இவ்வளவு உழைப்பு. இருண்ட காலத்து சிக்னல் அதுல பத்து லட்சத்துல ஒரு பங்கு. அதுக்கு நீண்ட நாள் அளவீடு வேணும், அமைதியான இடம் வேணும், கருவி ஒவ்வொரு அதிர்வெண்லயும் எப்படி நடந்துக்கும்னு ரொம்பத் துல்லியமாத் தெரியணும்.

எலக்ட்ரான் படலத்தை ரெண்டு உயரத்துல அளக்கறதுங்கற முதல் வேலை நினைச்ச மாதிரி நடக்கல. அந்தக் கட்டுரையில முன்னால நிக்கறது மேல சொன்ன ரெண்டும்தான்.

மறுபக்கத்துல இதுக்கு முன்னாடி

இதை ஒரே ஒரு லேண்டரோட துரதிர்ஷ்டம்னு ஒதுக்கிட முடியாது, மறுபக்கத்துல நடந்ததையும் சேர்த்துப் பார்க்கணும்.

2018 மே மாசம் சீனா அனுப்பின சுவேசியாவ் ரிலே செயற்கைக்கோள்ல நெதர்லாந்துல செஞ்ச ஒரு லோ ஃப்ரீக்வென்சி கருவி போச்சு. என்சிஎல்இன்னு பேர், மூணு ஆண்டெனா, ஒவ்வொண்ணும் 5 மீட்டர். செயற்கைக்கோள் நிலாவுக்குப் பின்னாடி எல்2ங்கற ஈர்ப்புச் சமநிலைப் புள்ளியைச் சுத்தற பாதையில. அதோட முதல் கடமை சாங்'இ-4 லேண்டரோட பேச்சை பூமிக்குக் கடத்தறது, 2019 ஜனவரி 3 அன்னிக்கு அந்த லேண்டர் மறுபக்கத்துல வான் கார்மன் பள்ளத்துல நல்லபடியா இறங்குச்சு, வேலை தொடர்ந்துச்சு, அதனால ரிலே வேலையும் தொடர்ந்துச்சு, வானியல் கருவி காத்துக்கிட்டு இருந்துச்சு. முதல்ல நினைச்சதைவிட ஒரு வருஷம் தள்ளி 2019 நவம்பர்லதான் ஆண்டெனாவை விரிக்கவே முடிஞ்சுது. ஆரம்பத்துல சுலபமா வந்துச்சு, போகப் போக இறுகுச்சு, விண்வெளியில நீண்ட காலம் சுருண்டே கிடந்தது காரணமா இருக்கலாம்னு குழு சொன்னாங்க. மேல தள்ளி உடைக்கறதைவிட இருக்கற நீளத்துலயே முதல்ல டேட்டா எடுப்போம்னு முடிவு. அதுக்கு விலை: குட்டை ஆண்டெனாவால பெருவெடிப்புக்கு சுமார் 80 கோடி வருஷத்துக்கு அப்புறம் இருந்த காலத்தோட சிக்னலுக்குத்தான் உணர்திறன், இன்னும் பழசுக்கு முழு நீளம் வேணும்னு அப்பவே அறிவிச்சாங்க.

சாங்'இ-4 லேண்டர்லயும் ஒரு லோ ஃப்ரீக்வென்சி கருவி உண்டு, அங்கயும் 5 மீட்டர் ஆண்டெனா மூணு, கூடவே லேண்டர் இரைச்சலை அளக்கன்னு ஒரு குட்டி ஆண்டெனா. பூமியோட சத்தமே வராத உலகத்துலயே அருமையான இடத்துல நின்னும் அதோட உணர்திறனைக் கட்டிப்போட்டது அதைத் தூக்கிட்டுப் போன லேண்டரோட மின்காந்த இரைச்சல்தான்.

மூணையும் பக்கத்துல வச்சா ஒரே நோய். ஒண்ணுல வண்டியோட வேலை முன்னுரிமை, ஒண்ணுல வண்டியோட இரைச்சல், ஒண்ணுல வண்டி நின்ன கோணம். மறுபக்கத்துக்குப் போயிட்டா பூமியோட சத்தம் தீரும், தூக்கிட்டுப் போற வண்டி கூடவே வரும்.

அடுத்த தடவை என்ன மாறணும்

சிலது ஏற்கனவே மாறிட்டு இருக்கு. மறுபக்கத்துக்குன்னே தயாராகிற லூசி-நைட் கருவியில லேண்டர் இறங்கி ஆரம்ப வேலை முடிஞ்சதும் லேண்டரை நிரந்தரமா அணைச்சுடறதா திட்டம். அதுக்கு அப்புறம் கருவி தன்னோட சொந்த பேட்டரி, சொந்த சோலார் பேனல்ல வாழணும், 14 நாள் நீளுற இரவை மைனஸ் 170 டிகிரிக்குக் கீழ போற குளிர்ல தாங்கணும், ரிலே செயற்கைக்கோள் வழியாத்தான் பேசணும். ஆண்டெனா 3 மீட்டர் கம்பி நாலு, சுழலும் மேடையில, 50 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். மேடை சுழல்றது முக்கியமானது: வானத்துல இருந்து வர்றது ஆண்டெனா திரும்பினா மாறும், கருவியோட சொந்தக் கோளாறு கூடவே திரும்பும், ரெண்டையும் பிரிக்கலாம். பேட்டரிக்கு இவ்வளவு எடையை ஒதுக்கி வண்டியை அணைக்கறது பெரிய விலைதான், ஆனா சாங்'இ-4 அனுபவத்தைப் பார்த்தா அது கொடுத்தே ஆக வேண்டிய விலை.

ரோல்சஸ் நிகழ்வுல இருந்து நான் கூடுதலா வலியுறுத்தறது மூணு. முதல்ல, சாய்வை விபத்துப் பட்டியல்ல இருந்து எடுத்து வடிவமைப்புத் தேவைகள்ல சேர்க்கணும். லேண்டர் 30 டிகிரி சாஞ்சா எந்த ஆண்டெனா தரையைத் தொடும், எந்த ரெண்டு இன்னும் பயன்படும், அப்ப அதோட கேட்கும் திறன் எப்படி மாறும், இதையெல்லாம் ஏவறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்தா டேட்டா வந்த அப்புறம் பல மாசம் மிச்சம். துருவத்துலயும் மறுபக்கத்துலயும் சமவெளி கம்மி, பள்ளம் அதிகம், இது திரும்ப நடக்கும்.

அடுத்தது பூட்டு. சூட்டுல தானா திறக்கற ஆண்டெனா இந்தத் தடவை நல்ல டேட்டா கொடுத்துச்சு, அதுக்காக அதை விட்டுடக்கூடாது. அதே ஆண்டெனா தரையிறங்கற எஞ்சினுக்கு எதிர்ல நீண்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? வெப்பக் கணக்கைக் கருவிக்கு மட்டும் போடாம, லேண்டர் எந்தப் பக்கம் சூரியனைக் காட்டிப் பறக்கும்ங்கறதோட சேர்த்துப் போடணும். லேண்டர் பறக்கற நிலை மாறினா கருவிக் குழுவுக்கு உடனே தெரியணும், ஒப்பந்தத்துலயே.

மூணாவது பயண நேரம். பூமியில இருந்து நிலாவுக்குப் போற ஒவ்வொரு நாளும் அளக்கற நாள்தான். ரோல்சஸ்ல அது தற்செயலா நடந்துச்சு, அடுத்த கருவிகள்ல முதல்லயே திட்டத்துல எழுதிடலாம். குறைஞ்சது ஆண்டெனா உள்ள சுருண்டு இருக்கறப்பவே ரிசீவரை ஓட விட்டு, வண்டியோட ஒவ்வொரு மின்கருவியையும் மாத்தி மாத்தி இயக்கி இரைச்சல் வரைபடம் ஒண்ணு எடுத்துக்கணும். தரையிறங்கின அப்புறம் அதுக்கு நேரம் கிடைக்கும்னு நம்பக்கூடாது.

இதோட கருவிக் குழுவோட கையில இல்லாத ஒண்ணும் இருக்கு. நிலாவோட மறைவுப் பகுதி ரேடியோ அமைதியா இருக்கணும்னு ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) விதிகள்ல ஏற்கனவே இருக்கு, நிலாவோட விளிம்பைத் தாண்டி 23.2 டிகிரிக்கு அப்பால இருக்கற பகுதி அது. ஆனா ரிலே செயற்கைக்கோள், லேண்டர், ரோவர்னு போக்குவரத்து ஏறிட்டே போகுது, ஒவ்வொண்ணும் அந்த அமைதியில கொஞ்சம் எடுத்துக்கும். 100,000 ஆண்டெனாவை நிலாவுலேயே உலோகம் பிரிச்சு செய்யலாம்ங்கற ஃபார்வியூ மாதிரி யோசனைகள் நிறைவேற இன்னும் ரொம்ப வருஷம் ஆகும், அதுவரைக்கும் அந்த இடம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கும்னு உத்தரவாதம் இல்ல. அதனால அங்க இறங்கற ஒவ்வொரு லேண்டரும், அது வானியலுக்கே போகலைன்னாலும், 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ தன்னோட இரைச்சல் எவ்வளவுன்னு ஏவறதுக்கு முன்னாடி அளந்து வெளியிடணும். அளக்கற வசதி தரையில ஏற்கனவே இருக்கு, ரோல்சஸ் குழுவுக்கு அந்த ஒரு அளவீடு முழுசா கையில இருந்திருந்தா கேலக்ஸியோட சிக்னலைத் தோண்டி எடுக்கற வேலை இன்னும் சுலபமா முடிஞ்சிருக்கும்.